மூச்சு வாங்கும் வண்டிகள் – 11: விளக்கெண்ணெயின் வாரிசுகள்

சென்ற வாரம் டர்போவின் தண்டு ஆயிலில் மிதக்கிறது என்ற இடத்தில் விட்டோம். இன்ஜின் கக்கும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்ற, அதே தண்டின் மறுமுனையிலிருக்கும் காற்றுச் சக்கரம் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும்; அதுதான் டர்போ. இந்த வாரம் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மூன்றையும் பேசி முடிப்பதாகச் சொல்லியிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை திருச்சியை ஒட்டிய திருவெறும்பூரில் கண்ட ஒரு காட்சி அந்தக் கணக்கை மாற்றிவிட்டது.

தஞ்சாவூர் சாலையை ஒட்டிய ஒரு லாரிப் பட்டறை. இரும்பு ஏற்றும் டிரெய்லர் ஒன்று கேபினைக் கவிழ்த்துக்கொண்டு நின்றது. பழைய டர்போவைக் கழற்றிப் போட்டுவிட்டு, அட்டைப்பெட்டியிலிருந்து புதியதை எடுத்துப் பலகைமேல் வைத்திருந்தார் மெக்கானிக். உடனே பூட்டவில்லை. மூக்கு நீண்ட ஆயில் கேனை எடுத்து, டர்போவின் தலையில் ஆயில் குழாய் பொருந்தும் துளைக்குள் சொட்டுச் சொட்டாக விட்டார். விட்டுக்கொண்டே சுண்டுவிரலால் சக்கரத்தை மெல்லச் சுற்றினார். அடியிலிருக்கும் துளை வழியாக ஆயில் எட்டிப் பார்த்த பிறகுதான் கையை எடுத்தார்.

பழைய டயர்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், வண்டிக்காரரின் அப்பா, வாய் திறந்தார். "மாட்டு வண்டி அச்சுக்கு மை போடற மாதிரியே செய்யறியேப்பா."

"அதே வேலைதாங்கய்யா. அது ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள சுத்துற சுத்தை இது கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள சுத்திடும். மை காஞ்சா ரெண்டும் கத்தும்."

வண்டி மை! அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை வருடம் ஆகிவிட்டது. வைக்கோலைக் கொளுத்திக் கரியாக்கி, பொடித்து, விளக்கெண்ணெய் விட்டுக் குழைப்பார்கள். மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே இழுத்து, அச்சில் தடவிவிட்டுத் திரும்பத் தள்ளுவார்கள். வேறெத்தனையோ எண்ணெய் வீட்டில் இருக்க, அச்சுக்கு மட்டும் ஏன் விளக்கெண்ணெய்? இந்தக் கேள்வியோடு வீடு வந்தவன் வாரம் முழுக்க ஆமணக்கை விட்டு வெளியே வரவில்லை.

காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான காஸ்டரிலிருந்து வந்ததுதான். சார்லஸ் வேக்ஃபீல்டு 1899-இல் லண்டனில் தொடங்கிய ஆயில் கம்பெனி, மோட்டார் வண்டியும் விமானமும் புதிதாக வந்த காலத்தில் ஆமணக்கெண்ணெய் கலந்து ஓர் ஆயில் செய்து அதற்கு வைத்த பெயர் அது.

முதல் உலகப் போர் விமானங்களில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். சாப்வித் கேமல் போன்ற விமானங்களில் இருந்தது ரோட்டரி இன்ஜின். சிலிண்டர்களோடு சேர்ந்து மொத்த இன்ஜினும் புரொப்பெல்லரோடு சுற்றும். பெட்ரோல் கலந்த காற்று கிராங்க்கேஸ் வழியாகத்தான் சிலிண்டருக்குப் போயாக வேண்டும். அங்கே கச்சா எண்ணெயிலிருந்து எடுத்த ஆயிலை விட்டால் பெட்ரோல் அதைக் கரைத்துக் கழுவிக்கொண்டு போய்விடும். விளக்கெண்ணெய் பெட்ரோலில் அவ்வளவு எளிதாகக் கரையாது. உலோகத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும். வேலை முடிந்த எண்ணெய் திரும்பத் தொட்டிக்கு வராது, புகையோடு வெளியே தெறிக்கும். பின்னால் உட்கார்ந்த விமானி அதை முகத்திலும் மூச்சிலும் வாங்கிக்கொண்டே பறந்தார். விளக்கெண்ணெய் வயிற்றை என்ன செய்யும் என்று நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரியும். அந்த விமானிகளுக்கும் அதே அவதிதான்.

பற்றிக்கொள்ளும் குணம் எங்கிருந்து வருகிறது? விளக்கெண்ணெயில் சுமார் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். அதன் மூலக்கூறில் மற்ற சமையல் எண்ணெய்களில் இல்லாத ஒரு ஹைட்ராக்சில் கொக்கி இருக்கிறது. அதனால்தான் இத்தனை பிசுபிசுப்பு; அதனால்தான் இரும்பின் மேல் ஒட்டிக்கொண்டு அழுத்தத்துக்கும் விலகாமல் நிற்கிறது. வேதியியல் படிக்காத வண்டிக்காரர்கள் இதை அச்சில் தடவியே கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அப்படியானால் இன்றைய இன்ஜினில் ஏன் அது இல்லை? சூடு. டீசல் டர்போவின் புகைப் பக்கத்துச் சக்கரத்தை மோதும் வாயு 700 டிகிரியைத் தாண்டும். பெட்ரோல் டர்போவில் 900-க்கும் மேலே. அந்தச் சக்கரத்திலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளித்தான் ஆயில் ஓடுகிறது. விளக்கெண்ணெய் சூட்டில் கோந்தாகி இறுகிவிடும். அதனால் அது இன்ஜினை விட்டுப் போயிற்று.

போனது அப்படியே போய்விடவில்லை. இந்த வாரம் எனக்குத் தூக்கம் கெட்டது இங்கேதான். ஜெட் இன்ஜின் வந்தபோது, குளிருக்கும் கொதிக்கும் சூட்டுக்கும் ஒரே ஆயில் தேவைப்பட்டது. அதற்காகத் தொழிற்சாலையில் செய்த எஸ்டர் வகை ஆயில்களில் முதல் தலைமுறையின் முக்கியமான மூலப்பொருள் செபாசிக் அமிலம். அந்த அமிலம் எதிலிருந்து? ஆமணக்கெண்ணெயிலிருந்து! இன்று நல்ல ஃபுல்லி சிந்தெட்டிக் ஆயில்கள் சிலவற்றிலும் எஸ்டர் சேர்க்கிறார்கள். உலகத்தில் ஆமணக்கு அதிகம் விளைவது நம் நாட்டில், பெரும்பங்கு குஜராத். நம் பக்கத்தில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

பட்டறையிலிருந்து வெளியே வந்து நிமிர்ந்தால் எறும்பீஸ்வரர் மலை. அப்பர் பாடிய தலம். தாரகாசுரனுக்கு அஞ்சிய தேவர்கள் எறும்பாக உருமாறி வழிபட வந்தார்களாம். லிங்கத்தின்மேல் எண்ணெய்ப் பசை. எறும்புகளால் ஏற முடியவில்லை, வழுக்கி வழுக்கி விழுந்தன. இறைவன் புற்று மண்ணாக மாறி, கொஞ்சம் சாய்ந்தும் கொடுத்தார் என்பது தலபுராணம். எத்தனை முறை கேட்ட கதை! அன்றைக்குத்தான் அந்த எண்ணெய்ப் பசையை யோசித்தேன். எறும்பின் காலுக்கும் கல்லுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம்; அது இருக்கும்வரை கால் கல்லைத் தொடவே முடியாது. டர்போவின் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே இருப்பதும் அதே படலம்தான், மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. சின்னக் கார்களில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றையும் தாண்டும். அதற்கு வேறு பிடிமானம் கிடையாது. ஆயில்தான் பேரிங்.

இனி கைலாசபுரத்து வாசகர் ஒருவரின் கடிதம். பெல் நிறுவனத்தின் கொதிகலன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். "பழைய வண்டிக்கு 15டபிள்யூ-40 விட்டேன். புதிய டீசல் காருக்கு 5டபிள்யூ-30 என்கிறார்கள். தண்ணீர் மாதிரி ஓடுகிறது. திருச்சி வெயிலுக்கு இது தாங்குமா? கெட்டியாக ஒன்று விட்டுவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். பாதி திருச்சி கேட்கும் கேள்வி இது.

ஐயா, விட வேண்டாம். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. நமக்கு ஏது குளிர் என்று தோன்றும். ஆனால் 100 டிகிரியில் வேலை செய்யும் இன்ஜினுக்கு நம் ஊர் விடியற்காலை 25 டிகிரியும் குளிர்தான். அந்த நேரத்தில் 15டபிள்யூ-40 தேன்போல மெல்ல நகரும். அடியிலிருக்கும் ஆயில் தொட்டியிலிருந்து கிளம்பி, பம்ப், ஃபில்டர் எல்லாம் தாண்டிக் கடைசியில்தான் டர்போவுக்குப் போய்ச் சேருகிறது. சாவி திருப்பிய அந்த முதல் சில வினாடிகள் தண்டு பழைய பசையில்தான் சுற்றுகிறது. சீக்கிரம் போய்ச் சேரும் ஆயில்தான் அங்கே காப்பாற்றும்.

வெயிலுக்குப் பதில் சொல்வது பின்னால் இருக்கும் எண். அது 100 டிகிரியில் அளந்தது. அதைவிட முக்கியமான மூன்றாவது அளவு ஒன்று உண்டு. டப்பாவில் பெரிய எழுத்தில் இருக்காது. 150 டிகிரி சூட்டில், இறுக்கமான இடைவெளியில் நசுக்கும்போது ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்ற அளவு. ஐரோப்பியத் தரமான ஏ.சி.இ.ஏ. சி3 என்றால் அது குறைந்தது 3.5 இருக்க வேண்டும். சி2 என்றால் 2.9 போதும். இரண்டு டப்பாவிலும் 5டபிள்யூ-30 என்றே எழுதியிருக்கலாம்! ஆகவே எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். வண்டியோடு வந்த கையேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்துகளையும் ஒரு சீட்டில் எழுதிக் கடைக்கு எடுத்துப் போங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிக்கு இன்னொரு காரணமும் உண்டு. புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது அவ்வப்போது எரித்துக்கொள்ளும். ஆனால் ஆயிலில் கலந்த உலோக மருந்துகள் எரிந்தால் மிஞ்சும் சாம்பல் எரியாது. அங்கேயே தங்கி அடைக்கும். அதனால்தான் சாம்பல் குறைந்த ஆயில் கேட்கிறார்கள். கார் என்றால் சி2, சி3. லாரி என்றால் ஏ.பி.ஐ. சிகே-4. பழைய லாரியில் மிச்சமான கேனைப் புதுக் காரில் ஊற்றுவது அந்த வடிகட்டிக்கு மண் போடுவது போல. டர்போ வைத்த பெட்ரோல் காருக்கு ஏ.பி.ஐ. எஸ்பி பாருங்கள். குறைந்த வேகத்தில் அழுத்தும்போது நேரத்துக்கு முன்பே தீப்பிடித்து பிஸ்டனை உடைக்கும் கோளாறையும் தடுக்கும்படி 2020-இல் வந்த தரம் அது.

"ஆயில் கறுத்துடுச்சு, மாத்திடலாம் சார்" என்பார்கள். டீசலில் சில நூறு கிலோமீட்டரிலேயே ஆயில் கறுக்கும். கரியை ஓரிடத்தில் படியவிடாமல் தன்னோடு சுமப்பதுதான் அதன் வேலை. நிறத்தைப் பார்த்துப் பயனில்லை. எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம், திருவெறும்பூரிலிருந்து ஜங்ஷனுக்குப் போகிற வழியில் பொன்மலை இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்து 1928-இல் தொடங்கிய ரயில்வே பணிமனை. பக்கத்திலேயே டீசல் லோகோ ஷெட். பழைய ஆல்கோ வகை டீசல் இன்ஜின்களில் 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன், பெரிய டர்போ. டீசல் ஷெட்களில் அந்த ஆயிலை நமக்கு ரத்தம் எடுப்பதுபோல எடுத்துப் பரிசோதிப்பார்கள். செம்பும் ஈயமும் கூடியிருந்தால் பேரிங் தேய்கிறது. சிலிக்கான் ஏறியிருந்தால் எங்கோ மண் உள்ளே போகிறது, காற்று வடிகட்டியைப் பார் என்று பொருள். 1940-களில் அமெரிக்க ரயில்வே ஒன்றில் தொடங்கிய வழக்கம் இது. இன்னொன்றும் செய்வார்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு, டர்போ மட்டும் தானாக எவ்வளவு நேரம் சுற்றி ஓய்கிறது என்று கடிகாரம் வைத்துக் கேட்பார்கள். சீக்கிரம் ஓய்ந்தால் உள்ளே ஏதோ உரசுகிறது. காதாலேயே பார்க்கும் வைத்தியம்.

இனி ஃபில்டர். சில வருடங்களுக்கு முன் என் பழைய டீசல் காரின் டர்போ வளவந்தான்கோட்டை தாண்டி நீலப் புகை கக்கியது. அதற்கு முந்தைய சர்வீஸில் விலை குறைவு என்று ஒரு ஃபில்டரைப் போட்டிருந்தேன். அதைக் கழற்றித் தகரம் வெட்டும் கத்தரியால் விளிம்போடு வெட்டித் திறந்தோம். விசிறி மடிப்பாக இருக்க வேண்டிய காகிதம் ஒரு பக்கம் பசை விட்டுப் பிரிந்திருந்தது. ஆயில் காகிதத்தின் வழியாகப் போகாமல், அந்தச் சந்து வழியாக வடிகட்டப்படாமலே போயிருக்கிறது. அடியிலிருந்த ரப்பர் வளையம் அப்பளம்போல விறைத்திருந்தது. விரலால் வளைத்தேன், ஒடிந்தது.

அந்த ரப்பர் வளையத்தை யாரும் கவனிப்பதில்லை. வண்டி நின்றதும் ஃபில்டரிலிருக்கும் ஆயில் கீழே வடிந்துவிடாமல் பிடித்து வைப்பது அதுதான். அது விறைத்துவிட்டால் ஒவ்வொரு காலையும் காலி ஃபில்டர் நிறைந்த பிறகே டர்போவுக்கு ஆயில் போகும். நல்ல ஃபில்டர்களில் சூட்டுக்கு விறைக்காத சிலிக்கோன் ரப்பர் இருக்கும். உள்ளே பைபாஸ் வால்வும் ஒன்று உண்டு. காகிதம் அடைத்துப்போனால், இன்ஜின் பட்டினி கிடக்கக் கூடாதென்று அது திறந்து அழுக்கு ஆயிலையே விட்டுவிடும். அதனால்தான் ஆயில் மாற்றும்போதெல்லாம் ஃபில்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். 'ஒரு தடவை விட்டு ஒரு தடவை' என்ற பழைய வழக்கம் டர்போ வண்டிக்கு ஆகாது.

மாட்டும்போது பழைய ஃபில்டரின் வாஷர் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். புது வாஷரில் துளி ஆயில் தடவுங்கள். ஃபில்டர் நிமிர்ந்து நிற்கும் வண்டியானால் ஆயிலால் நிரப்பி மாட்டலாம். ஸ்டார்ட் செய்ததும் சிவப்பு ஆயில் விளக்கு அணையும்வரை ஆக்ஸிலேட்டரைத் தொடாதீர்கள். நெடுஞ்சாலையில் விரட்டி வந்த வண்டியை, நின்றதும் அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். சுடச்சுட அணைத்தால் தண்டைச் சுற்றி நிற்கும் ஆயில் அங்கேயே வெந்து கரியாகிவிடும்.

கழற்றிய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் ஒருமுறை வெட்டித் திறக்கச் சொல்லுங்கள். காகித மடிப்புகளை வெயிலில் விரித்து, கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தை மேலே ஓட்டுங்கள். ஒட்டுவது இரும்பு, ஒட்டாமல் மஞ்சளாக மினுங்குவது பேரிங் உலோகமாக இருக்கலாம். அன்று என் ஃபில்டரில் மினுங்கியது மஞ்சள்.

ஏர் ஃபில்டருக்கு இடமில்லாமல் போய்விட்டது. துவாக்குடி பக்கத்துப் பட்டறை ஒன்றிலிருந்து, புழுதி அரித்து ஓரம் மழுங்கிய ஒரு காற்றுச் சக்கரத்தைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். மேசைமேல் இருக்கிறது. அடுத்த வாரம் அதிலிருந்தே தொடங்குகிறேன்.