நூலகத்தில் முடிவெடுப்பவர் யார்?

2024ஆம் ஆண்டு ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வலிகாமத்திலுள்ள கிராமமொன்றின் சனசமூக நிலைய நிர்வாக சபைக் கூட்டத்திற்கு நாம் போயிருந்தோம். பிற்பகல் மூன்றரைக்கு என்று அறிவித்திருந்தார்கள். நிறைவெண்ணுக்கு இன்னும் இருவர் தேவைப்பட்டதால் நாலேகால் மட்டும் காத்திருந்தோம். பொருளாளர் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறிவிட்டு நேரே வந்தார்; காலில் செம்மண் காயவில்லை.

நிகழ்ச்சி நிரலில் ஐந்து விடயங்கள் இருந்தன. சென்ற கூட்டத்தின் அறிக்கை வாசிக்கப்பட்டது, முன்மொழியப்பட்டது, வழிமொழியப்பட்டது. பத்திரிகைக் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய நிலுவை, கூரையில் இரண்டு ஓடு மாற்றுவது, ஒளி விழாத் திகதி ஆகிய மூன்றும் பத்து நிமிடங்களில் முடிந்தன. ஐந்தாவது விடயத்திற்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

கனடாவிலுள்ள ஊரவர் ஒருவர் தம் தாயாரின் நினைவாக ஒரு தொகை அனுப்ப முன்வந்திருந்தார். வாசிகசாலையின் முகப்பில் தாயாரின் பெயருடன் ஒரு வளைவு அமைய வேண்டும் என்பது அவரது விருப்பம். தலைவரும் மூத்த உறுப்பினர்களும் அதை உடனே ஏற்றுக்கொள்ளும் மனநிலையில் இருந்தார்கள். முன்பள்ளி ஆசிரியையான செயலாளர் மட்டும் வேறொன்று கேட்டார். அந்தப் பணத்தில் மண்டபத்துக்கு நல்ல மின்விளக்குகள் போட்டு, மாலை ஐந்தரையிலிருந்து எட்டு மணி வரை கட்டடத்தைத் திறந்து வைத்திருக்க ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்தால் என்ன?

“பிள்ளை, லைற் போட்டாப் பிறகு ஆர் காவல் இருக்கிறது? பொடியள் வந்து கரம் அடிப்பாங்கள்,” என்றார் ஓய்வுபெற்ற அதிபரான ஒருவர்.

“கரம் அடிக்க வாறவன் ஒரு நாளைக்குப் பேப்பரும் பார்ப்பான்தானே மாஸ்டர்,” என்றார் செயலாளர். பிறகு வரவுப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். காலை ஒன்பது மணிக்குத் திறந்து மாலை ஐந்து மணிக்குப் பூட்டும் அந்த வாசிகசாலையில் கையொப்பமிட்டவர்கள் அநேகமாக அதே பன்னிரண்டு, பதின்மூன்று முதியவர்களே. பாடசாலைப் பிள்ளைகள் ரியூசன் முடிந்து வரும்போதும், தோட்டத்தாலும் கூலிவேலையாலும் ஆட்கள் திரும்பும்போதும் கதவு பூட்டியாகிவிடும்.

வாக்கெடுப்பில் வளைவுக்கு ஏழு, விளக்குக்கு நான்கு. வளைவே கட்டப்பட்டது.

இந்தக் கூட்டத்தை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நூலகம் என்றவுடன் நாம் புத்தகங்களையும் கட்டடத்தையும் பற்றியே பேசுகின்றோம். எந்த மேசையைச் சுற்றி, எவர் இருந்து, எதன் அடிப்படையில் முடிவெடுக்கின்றார்கள் என்பதைப் பற்றிப் பேசுவது குறைவு. அந்த ஏழுபேரில் ஒருவரேனும் மாலை ஐந்து மணிக்குப் பின்னர் வாசிக்க இடம் தேடுபவர் அல்லர். அவர்கள் கெட்டவர்களும் அல்லர். அந்த வாசிகசாலையைப் போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து திரும்பியதும் சொந்தக் கைகளால் துப்புரவாக்கி மீண்டும் திறந்தவர்களும் அவர்களே.

இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. எமது சில ஊர்களில் கூப்பிடு தூரத்துக்குள் இரண்டு மூன்று வாசிகசாலைகள் இருக்கின்றன. வாசிப்பு ஆர்வம் மட்டும் அதற்குக் காரணமல்ல. ஒரு நிர்வாக சபையில் இடம் கிடைக்காத பகுதியார் தங்களுக்கென ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். யாப்பில் எல்லோருக்கும் அங்கத்துவம் என்று எழுதியிருந்தாலும் கதிரைகள் எல்லோருக்கும் போடப்படவில்லை.

யாழ்ப்பாணத்தின் அனுபவம்

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதை எல்லோரும் அறிந்ததே. ஆனால் அதை ஒரு நிர்வாகத்தின் கதையாக நாம் பார்ப்பதில்லை. 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலிருந்த நூல்களை அயலவருக்குக் கொடுத்து, பொது நூலகமொன்று தேவை என்று வேண்டுகோள் விடுத்தார். 1934இல் ஊர்ப் பிரமுகர்கள் கூடி ஒரு குழுவைத் தெரிவுசெய்தார்கள். அவ்வாண்டு ஆவணி முதலாந் திகதி ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் 844 நூல்களுடன் நூலகம் திறக்கப்பட்டது. 1935இன் தொடக்கத்தில் அது நகர சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. நன்கொடையில் தொடங்கலாம், ஆனால் மாதாமாதம் வாடகையும் சம்பளமும் கொடுப்பதற்கு வரிப்பணம் வேண்டும் என்பது இன்று வாசிகசாலை நடத்தும் எவருக்கும் விளங்கும்.

யாழ்ப்பாணம் மாநகர சபையான பின்னர், முதல் மேயர் சாம் சபாபதி காலத்தில், 1952இல் புதிய கட்டடத்துக்கான முயற்சி தொடங்கியது. சபை தனித்து நின்று அதைச் செய்யவில்லை. நகரப் பெரியோர்களும் சேர்ந்த குழு ஒன்று அமைந்தது. புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்த வண. லோங் அடிகளார் அதில் முன்னின்று உழைத்தார். களியாட்ட விழாக்களும் அதிர்ஷ்டலாபச் சீட்டும் நடத்திப் பணம் சேர்த்தார்கள். நூலகத் துறையில் தலைசிறந்த அறிஞரான எஸ். ஆர். இரங்கநாதன் அவர்களின் ஆலோசனையும், சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடமும் பெறப்பட்டன. 29.03.1954 அன்று அடிக்கல் நாட்டி, 11.10.1959 அன்று மேயர் அல்பிரட் துரையப்பா அதைத் திறந்து வைத்தார். சபையின் அதிகாரமும் சபைக்கு வெளியிலுள்ளோரின் உழைப்பும் ஒரே மேசையில் இருந்த காலம் அது.

1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு, மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலை ஒட்டிக் கொண்டுவரப்பட்டிருந்த பொலிஸாராலும் குண்டர்களாலும் அந்த நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அதன் வேதனையை இங்கே மீண்டும் எழுத வேண்டியதில்லை. நாம் குறிப்பிட விரும்புவது 2003ஆம் ஆண்டை. புனரமைக்கப்பட்ட கட்டடத்தை அவ்வருடம் மாசி மாதத்தில் திறப்பதென மாநகர சபை தீர்மானித்தது. விடுதலைப் புலிகளின் எதிர்ப்பினால் விழா கைவிடப்பட்டது; சபை உறுப்பினர்கள் பதவி விலக முன்வந்தனர். பின்னர் பெரிய விழா ஏதுமின்றியே நூலகம் மக்கள் பாவனைக்கு வந்தது. முறைப்படி கூடி, முறைப்படி நிறைவேற்றிய ஒரு தீர்மானத்தை, நிறைவேற்றியவர்களாலேயே காப்பாற்ற முடியவில்லை.

இரங்கநாதனைப் பற்றி மேலும் ஒரு சொல். சென்னை மாகாணத்தின் 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் அவரது முயற்சியால் வந்தது. அச்சட்டத்தின்படி மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு உண்டு. வீட்டு வரியுடன் நூலக வரியும் அறவிடப்பட்டு அந்த ஆணைக்குழுவின் நிதியாகின்றது. எமது நாட்டில் பொது நூலகங்களுக்கென அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. மாநகர, நகர, பிரதேச சபைகளே அவற்றை நடத்துகின்றன. தேசிய நூலக, ஆவணவாக்கல் சேவைகள் சபை ஆலோசனையும் பயிற்சியும் தரலாம். ஆனால் உங்கள் ஊர் நூலகத்தில் கதிரை உடைந்தால் அதை மாற்றுவது பிரதேச சபைதான். ஆகவே நூலகப் பணம் வீதி, குப்பை, தெருவிளக்கு ஆகியவற்றோடு ஒரே உலையில்தான் வேகின்றது.

ஒரு புத்தகம் வரும் வழி

ஒரு பிள்ளை தன் ஊரிலுள்ள பிரதேச சபை நூலகத்தில் ஒரு நூலைக் கேட்கின்றாள் என்று வைத்துக்கொள்வோம். நூலகர் அதைக் குறித்துக்கொள்கின்றார். வருட நடுவில் அவர் ஒரு பட்டியல் தயாரித்துச் செயலாளருக்கு அனுப்புகின்றார். வரவுசெலவுத் திட்டத்தில் நூல் கொள்வனவுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, அதில் எவ்வளவு மீதம் என்று பார்க்கப்படுகின்றது. குழு கூடுகின்றது; சபை அங்கீகரிக்கின்றது; விலை கோரப்படுகின்றது. இவ்வளவும் முடியக் கார்த்திகை பிறந்துவிடும். மார்கழி 31க்குள் செலவழிக்காவிட்டால் ஒதுக்கிய பணம் கைநழுவும். எனவே இறுதி இரண்டு வாரங்களில், பட்டியலில் உள்ளதை விட்டுக் கடையில் உள்ளது வாங்கப்படுகின்றது. நாம் பார்த்த நூலகமொன்றில் ஒரே சமையற் புத்தகத்தின் ஆறு பிரதிகள் பிரிக்கப்படாமலே இருந்தன. கேட்ட பிள்ளை இதற்குள் பரீட்சையும் எழுதி முடித்துவிட்டாள்.

வாங்கிய புத்தகத்தின் கதையும் இலேசானதல்ல. ஆண்டிறுதிக் கணக்கெடுப்பில் நூல் குறைந்தால் நூலகரிடம் விளக்கம் கேட்கப்படுகின்றது. சில இடங்களில் அவரே பணம் கட்ட நேர்ந்ததாகவும் எம்மிடம் சொன்னார்கள். அவர் என்ன செய்வார்? நல்ல நூல்களை அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பைத் தன் இடுப்பில் செருகிக்கொள்கின்றார். பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்று முதுகுகளை வாசித்துவிட்டுப் போகின்றார்கள். நூலகரின் கஞ்சத்தனம் என்று ஊர் பேசும். உண்மையில் இது நிர்வாகத்தின் முடிவு. முடிவெடுக்காமல் விட்டதன் முடிவு என்றும் சொல்லலாம். மக்கள் கையாளும் நூலகத்தில் வருடாவருடம் சில நூல்கள் கிழியும், சில தொலையும். எவ்வளவு இழப்பைச் சபை ஏற்றுக்கொள்ளும் என்று எழுத்தில் ஒரு வரம்பு வைத்து, அதற்குட்பட்டவற்றைப் பதிவேட்டிலிருந்து நீக்க அனுமதித்தால் அன்றைக்கே அந்த அலுமாரி திறக்கும். இதற்குப் பணம் எதுவும் வேண்டியதில்லை, ஒரு தீர்மானம் போதும்.

சபை இல்லாத காலம்

நாம் அந்த ஆவணி மாதக் கூட்டத்துக்குப் போனபோது நாட்டில் தெரிவுசெய்யப்பட்ட பிரதேச சபைகள் இருக்கவில்லை. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 பங்குனியுடன் முடிந்தது. 06.05.2025 அன்று தேர்தல் நடக்கும் வரை செயலாளர்களும் ஆணையாளர்களுமே நிர்வாகம் செய்தார்கள். சில கோவைகள் வேகமாக நகர்ந்தன என்று நூலகர்களே ஒப்புக்கொள்கின்றார்கள். வாதம் இல்லை, கட்சி இல்லை, ஒரு கையொப்பம் போதும். ஆனால் ஒரு வாசகர் தன் முறைப்பாட்டை எவர் காதில் போடுவது? தேர்தலில் வாக்குக் கேட்டு வந்தவர் என்றால் சந்தையில் கண்டு மறித்துக் கேட்கலாம். இடமாற்றத்தில் வந்த உத்தியோகத்தரை அப்படிக் கேட்க முடியாது.

இப்போது சபைகள் மீண்டும் வந்துவிட்டன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத பிரதேசவாசிகளையும் சேர்த்துக்கொள்ள இடமளிக்கின்றது. எத்தனை சபைகள் இதைப் பயன்படுத்தி ஒரு வாசகரை, ஒரு தாயை, உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியை நூலகக் குழுவில் இருத்தியிருக்கின்றன என்று உங்கள் உறுப்பினரிடம் கேட்டுப் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், நூல் கொள்வனவுக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு, வாங்கிய பட்டியல் எது என்று எந்தப் பிரசையும் எழுத்தில் கேட்கலாம். அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் ஆண்டின் கடைசி மாதங்களில்தான் சபைக்கு வரும். அதற்கு முன்பே, ஆடி ஆவணியில், வாசகர் வட்டம் ஒன்று கூடித் தன் தேவைகளை எழுதிக் கொடுத்தால் அது கோவையில் ஏறும். மார்கழியில் போய்ச் சத்தமிடுவதில் பயன் குறைவு.

வளைவு கட்டிய கிராமத்துக்கு நாம் 2025 வைகாசியில் மீண்டும் போனோம். வளைவு அழகாகத்தான் இருந்தது. வருடாந்தப் பொதுக்கூட்டம் முடிந்து ஒரு மாதமாகியிருந்தது. இம்முறை செயலாளர் ஒரு காரியம் செய்திருந்தார். கூட்டத்தை ஞாயிறு பிற்பகலில் வைக்காமல் இரவு ஏழு மணிக்கு, தெருவிளக்கின் கீழ் முற்றத்தில் வைத்தார். வழக்கமாக இருபதுபேர் வரும் கூட்டத்திற்கு அறுபதுக்கு மேல் வந்திருக்கின்றார்கள், அரைவாசி பெண்கள். மாலை நேரத் திறப்புப் பற்றிய பேச்சைச் செயலாளர் தொடக்கவில்லை. வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போகும் ஒரு தாய்தான் எழுந்து, “எங்கட வீட்டில கறண்ட் இல்லை, பிள்ளை கடை வாசலில இருந்து படிக்கிறாள். இந்த மண்டபம் ஏன் இருட்டாக் கிடக்குது?” என்று கேட்டிருக்கின்றார்.

சபையில் பதினொரு பேரில் மூவர் மாறினார்கள். ஓய்வுபெற்ற அதிபர் மாறவில்லை. கிழமையில் மூன்று நாள் மாலையில் தானே வந்து திறந்து, எட்டு மணிக்குப் பூட்டுவதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கின்றார். மற்ற இரண்டு நாட்களுக்கு ஆள் தேடுகின்றார்கள். நாம் போன அன்று செவ்வாய்க்கிழமை. இரண்டு குழல் விளக்குகளின் கீழ் ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள். மூலையில் நாலு பொடியன்கள் கரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். “சத்தம் போடாமல் அடியுங்கோடா,” என்று மாஸ்டர் பத்திரிகைக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார்.