வரைபடங்களைப் பிற இயங்குதளப் படவில்லைகளுக்குப் பெயர்த்தல்: தமிழ்க் குறிப்புகளை முன்வைத்து

திறவுச்சொற்கள்: வரைபடம், படவில்லை, எழுத்துரு, ஒருங்குறி

முன்னுரை

ஆய்வுத் தரவுகளை லினக்ஸ் இயங்குதளத்தில் வரைபடமாக்கி, கருத்தரங்கில் விண்டோஸ் கணினியின் பவர்பாயிண்ட் படவில்லையாகக் காட்டுவது இன்று பரவலான நடைமுறையாகும். இவ்வாறு பெயர்க்கும்போது வரைபடத்தின் தோற்றம் மட்டுமன்றி, அது உணர்த்தும் செய்தியும் சிதையக்கூடும். தமிழ்க் குறிப்புகள் கொண்ட வரைபடங்களில் இவ்விடர் மிகுதி. அதன் காரணங்களையும் தீர்வுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கோப்பு வடிவம்

வரைபடக் கோப்புகள் படப்புள்ளி வகை, கோட்டுரு வகை என இரண்டாகப் பகுக்கப்படும். பி.என்.ஜி. முதல் வகையைச் சார்ந்தது. பைத்தான் மொழியின் மேட்பிளாட்லிப் நிரலகம் இயல்பாக 6.4 × 4.8 அங்குல அளவில், அங்குலத்திற்கு 100 படப்புள்ளி வீதம் வரைகிறது. இதனால் கிடைக்கும் 640 × 480 படத்தை 1920 × 1080 திரையின் உயரத்திற்கு நிரப்ப 2.25 மடங்கு பெரிதாக்க வேண்டும், எழுத்துகள் மங்கும். வீதத்தை 300 ஆக உயர்த்தினால் 1920 × 1440 படம் கிடைத்து இக்குறை நீங்கும்.

கோட்டுரு வகை எவ்வளவு பெரிதாக்கினும் மங்குவதில்லை. ஆயினும் இவ்வகையைச் சார்ந்த இ.பி.எஸ். கோப்புகளைப் படவில்லையில் செருகும் வசதியை, பாதுகாப்புக் கருதி 2017 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் நிறுவனம் முடக்கியது. ஆபீஸ் 2019 முதலான பதிப்புகள் எஸ்.வி.ஜி. கோப்பை ஏற்கின்றன.

எழுத்துரு

எஸ்.வி.ஜி. கோப்பில் எழுத்துகள் எழுத்தாகவே நிற்கலாம். வெறும் கோட்டு வடிவங்களாகவும் மாறி நிற்கலாம். எழுத்தாக நின்றால், பெறும் கணினியில் அதே எழுத்துரு இருத்தல் வேண்டும். லினக்ஸில் பயன்படும் லோகித் தமிழ் விண்டோஸில் இல்லையெனில், நிர்மலா போன்ற வேறோர் எழுத்துரு அவ்விடத்தில் அமரும். எழுத்தின் அகலம் மாறுவதால் அச்சுக் குறிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்.

கோட்டு வடிவமாக மாற்றுவதிலும் ஓர் இடர் உண்டு. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு ஆகியன ஒருங்குறியில் மெய்யை அடுத்துச் சேமிக்கப்பட்டு, திரையில் அதற்கு முன்னே காட்டப்படுபவை. இவ்வரிசை மாற்றத்தைச் செய்யாத வரைவு நிரல்களில் கொம்பு பின்னே நிற்கும். கோடாக மாற்றினால் அப்பிழை நிலைத்துவிடும். எனவே எழுத்தை எழுத்தாகவே சேமித்து, அதே லினக்ஸ் கணினியில் இன்க்ஸ்கேப் மென்பொருளில் திறந்து, சரிபார்த்தபின் கோட்டு வடிவமாக்குவது தக்கது. ஆர் மொழியில் வரைவோர்க்கு ராக் தொகுப்பு இவ்வரிசையைச் சரியாக அமைத்துப் பி.என்.ஜி. தருகிறது.

கழித்தல் குறி

மேட்பிளாட்லிப் எதிர்ம எண்களுக்கு ஒருங்குறியின் தனிக் கழித்தல் குறியைப் பயன்படுத்துகிறது. தேர்ந்த தமிழ் எழுத்துருவில் அக்குறி இல்லையெனில் வெற்றுக் கட்டமே தோன்றும். எதிர்மத் தொடர்பைக் காட்டும் வரைபடத்தில் இது முடிவையே ஐயத்திற்கு உள்ளாக்கும். இயல்பான சிறுகோட்டைப் பயன்படுத்துமாறு அமைப்பை மாற்றுவது இதற்குத் தீர்வாகும்.

முடிவுரை

வரைந்த கணினியில் சரியாகத் தெரிவது, காட்டும் கணினியிலும் சரியாகத் தெரியும் என்பதற்குச் சான்றாகாது. கோட்டு வடிவமாக்கிய எஸ்.வி.ஜி. கோப்பும், பழைய பதிப்புகளுக்கென 300 வீதப் பி.என்.ஜி. கோப்பும் உடனிருத்தல் நலம். அச்சுக் குறிப்புகளையும் எண்குறிகளையும் அரங்கக் கணினியில் முன்கூட்டியே சரிபார்ப்பது ஆய்வு நேர்மையின் ஒரு கூறாகவே கொள்ளத்தக்கது.