மாட்டுக்கு ஓர் உருண்டை போதும்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் கரும்புக் கட்டுகள் வந்து இறங்கினாலே எனக்கு லட்சுமியின் நினைவு வந்துவிடும். செபராங் பிறையில் பெரியப்பா வளர்த்த பசு அவள்.

அப்போது எனக்குப் பத்து வயது. மாட்டுப் பொங்கலுக்கு பெர்ரி ஏறிப் போயிருந்தோம். வந்தவர்களெல்லாம் இலை நிறையப் பொங்கல் ஊட்டினார்கள், நானும் ஊட்டினேன். இரவு லட்சுமி அசைபோடவில்லை. இடப்பக்க வயிறு புடைத்திருந்தது. மறுநாள் படுத்தவள் எழவே இல்லை. கண் பட்டுவிட்டது என்றார் பெரியம்மா.

கண் அல்ல, சோறு.

மாட்டின் முதல் வயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் புளிப்புப் பானை. அதிலுள்ள கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லை மெல்ல நொதிக்க வைத்து மிதமான அமிலங்களாக்குகின்றன. மாட்டுக்குத் தெம்பு அவற்றிலிருந்துதான். அமிலம் மிஞ்சாமல் காப்பது எச்சில். புல் மேயும் பசுவுக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டர்கூட எச்சில் சுரக்கும். ஆப்ப சோடாவில் இருக்கும் அதே காரம் அதில் உண்டு.

சோற்றையும் வெல்லத்தையும் மெல்ல வேண்டியதில்லை. எச்சில் குறைந்துவிடும். மாவுச்சத்து தின்னும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். நம் தோசை மாவைப் புளிக்க வைப்பதும் இதுதான், ஆனால் வயிற்றில் வழக்கமாக உள்ள அமிலங்களைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வலுவானது. சாதாரணமாக 6க்கு மேல் இருக்கும் பிஎச் அளவு 5க்குக் கீழே இறங்கும். புல்லைச் செரிக்கும் உயிர்கள் மடியும். உடம்பின் நீரையும் வயிறே இழுத்துக்கொள்ள, ரத்தம் வறண்டு மாடு சாய்ந்துவிடும். அமெரிக்காவில் ராபர்ட் ஹங்கேட்டும் சகாக்களும் 1952லேயே செம்மறிகளிடம் இதை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் பொங்கல் சமயத்தில் இன்னமும் எச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தானியமே ஆகாது என்றில்லை. இரண்டு மூன்று வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால், லாக்டிக் அமிலத்தைத் தின்னும் நுண்ணுயிர்களும் பெருகிவிடும். திடீர் விருந்துதான் எமன். அசைபோடுவது நின்று, புளித்த வாடையோடு கழிந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

இப்போது மாடுகளைப் பார்த்துக்கொள்வது பெரியப்பா மகன். போன பொங்கலுக்கு என் மகள் இலையோடு பொங்கலை நீட்டினாள். அண்ணன் அதில் ஓர் உருண்டையை மட்டும் எடுத்து மாட்டுக்குக் கொடுத்தார். "மிச்சத்தை நீ சாப்பிடும்மா" என்று சொல்லி, அவள் கையில் ஒரு புல்கட்டைத் திணித்தார்.