மஞ்சள் காமாலையும் கீழாநெல்லியும்

கண் மஞ்சளாகத் தெரிந்ததுமே நம் ஊர் வீடுகளில் தேடுவது கீழாநெல்லியைத்தான். செடியை வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் விழுதாக அரைத்து, மோரில் கரைத்து வெறும் வயிற்றில் குடிக்கிறார்கள். கூடவே உப்பில்லாப் பத்தியம். சில வாரங்களில் மஞ்சள் இறங்கினால் நல்ல பெயர் மூலிகைக்குப் போய்விடுகிறது. ஆனால் அசுத்தமான தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே குணமாகிவிடும்.

எல்லாக் காமாலையும் ஒன்றல்ல

பித்தக் குழாயைக் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். எலிக்காய்ச்சலிலும் ஆகும், கணையப் புற்றுநோயிலும் ஆகும். கல்லை எடுத்தாக வேண்டும். எலிக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேண்டும். பிரசவத்தை நெருங்கிய கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் ஈ வந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே மூலிகை அரைப்பதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்து, எதனால் வந்த காமாலை என்று தெரிந்துகொள்வது அவசியம்.

சென்னை ஆய்வு சொன்னது

இந்த மூலிகையை விஞ்ஞானம் அலட்சியப்படுத்திவிடவில்லை. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாருக் புளூம்பெர்க்குடன் சேர்ந்து இதை ஆராய்ந்தார்கள். 1988இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. 30 நாள் மூலிகை உட்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு, ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. போலி மருந்து உட்கொண்ட 23 பேரில் ஒருவருக்கே அப்படி ஆனது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது.

ஆனால் தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்று நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யைக் கட்டுக்குள் வைப்பவை டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள். மூலிகையை நம்பி இவற்றைத் திடீரென்று நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகி, கல்லீரலே செயலிழக்கலாம்.

மறைக்காமல் சொல்லுங்கள்

திட்டுவாரோ என்று பயந்து டாக்டரிடம் நாட்டு மருந்தை மறைப்பவர்கள் பலர். இதுதான் பெரிய ஆபத்து. இன்சுலின் போடுபவர் பத்தியமென்று சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கி விழலாம். நோயுற்ற கல்லீரலுக்குப் புரதமும் தேவை. கஞ்சி மட்டும் போதாது. சித்த மருத்துவரைப் பார்ப்பதாக இருந்தால் ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு இரண்டையும் அவரிடம் காட்டுங்கள். அவர் கொடுத்த சூரணத்தையும் லேகியத்தையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

காமாலை கண்டவர் பேச்சுத் தடுமாறினாலோ, பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108க்கு அழையுங்கள்.