பெரியநாயகியும் தரங்கம்பாடி அச்சகமும்: மரியன்னை குறித்துத் தமிழகத்தில் எழுந்த சபைப் பூசல்

தமிழகத்தில் கத்தோலிக்கத் தேவாலயத்தையும் சீர்திருத்தச் சபைத் தேவாலயத்தையும் பிரித்துக் காட்டும் முதல் அடையாளம் மரியன்னையின் சுரூபமே. முன்னது ஊர்வழக்கில் 'மாதா கோவில்' என்றே பெயர்பெற்றிருக்க, தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் சபை ஆகியவற்றின் ஆலயங்களில் பெரும்பாலும் சிலுவை மட்டுமே நிற்கிறது. கொடியேற்றம், நவநாள், செபமாலை, தேர்பவனி ஆகியவை ஒரு சாராருக்குப் பக்தியின் உயிராகவும், மறுசாராருக்கு வேதத்தில் இல்லாத சேர்க்கையாகவும் தோன்றுகின்றன. ஆயினும் மேலைத் திருச்சபை பிளவுபட்டது மரியாளை முன்னிட்டு அன்று. 1517-இல் மார்ட்டின் லுத்தர் எழுப்பிய எதிர்ப்பு, பாவத்தண்டனைக் குறைப்புச் சீட்டுகள் விற்கப்பட்டதைப் பற்றியது. மனிதன் கடவுள் முன் எவ்வாறு நீதிமானாகிறான், விசுவாசத்துக்கு இறுதி அளவுகோல் வேதநூல் மட்டுமா, திருச்சபையின் மரபும் சேர்ந்ததா என்னும் கேள்விகளே அதிலிருந்து விரிந்தன. மரியாளைப் பற்றிய கருத்துவேறுபாடு அந்தக் கேள்விகளிலிருந்து கிளைத்ததேயாகும்.

இரு தரப்பாருக்கும் பொதுவான நிலம் பலர் எண்ணுவதைவிடப் பெரியது. கி.பி. 431-இல் எபேசு நகரில் கூடிய பொதுச்சங்கம், இயேசு ஒரே ஆளாக இறைவனும் மனிதனுமாய் இருப்பதால் அவரைப் பெற்றவளைத் 'தேவதாய்' என அழைப்பது தகும் என முடிவுசெய்ததை லுத்தரும் ஏற்றார். மரியாளின் புகழ்ப்பாடலுக்கு 1521-இல் அவர் எழுதிய விளக்கவுரை அவள்மீது மிகுந்த மரியாதை கொண்டது. பிணக்கு எழுவது அவளிடம் வேண்டுதல் செய்யலாமா என்னும் இடத்தில்தான். கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே இயேசு ஒருவரே மத்தியஸ்தர் என்னும் பவுலின் போதனையைச் சீர்திருத்தச் சபையார் முன்வைக்கின்றனர். கத்தோலிக்கரோ, கடவுளுக்கு மட்டுமே உரிய ஆராதனை வேறு, புனிதர்க்குச் செய்யும் வணக்கம் வேறு என்று பிரித்து, மரியாளுக்கு உரியது அவ்வணக்கத்தில் மேலானதே அன்றி ஆராதனை அன்று என்றும், உயிரோடிருக்கும் அயலாரிடம் தமக்காக மன்றாடக் கேட்பது போன்றதே அவளிடம் பரிந்துரை வேண்டுவதும் என்றும் விடையளிக்கின்றனர்.

இந்த ஐரோப்பியப் பூசல் தமிழ்மண்ணில் தனி வடிவம் பெற்றது. டென்மார்க் அரசரின் ஆதரவுடன் 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் குரு பர்த்தலோமேயு சீகன்பால்க், புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1714–15-இல் அச்சிட்டார். அவர் 1713-இல் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய நூல், மாரியம்மன் முதலிய கிராம தேவதைகளையும் விரித்துரைத்தது. காஞ்சியில் காமாட்சி, மதுரையில் மீனாட்சி, ஊருக்கு ஊர் ஓர் அம்மன் என்று தாய்த்தெய்வம் நிறைந்த நாட்டில், அலங்கரித்த மாதா சுரூபத்தைத் தேரில் வைத்து வீதியுலா கொண்டுசெல்வது லுத்தரன் குருமாருக்குப் பழைய வழிபாட்டின் தொடர்ச்சியாகவே தெரிந்தது. அந்த அச்சம் வெறும் பகைமையால் பிறந்ததன்று. புதிதாகக் கிறிஸ்தவரான எளிய மக்கள் அருளுபவர் யார், பரிந்துபேசுபவர் யார் என்று குழம்பிவிடக் கூடாது என்னும் மேய்ப்பர் கவலை அதில் இருந்தது.

1711-இல் தமிழகம் வந்த இயேசு சபைத் துறவியான வீரமாமுனிவர் நேர் எதிரான வழியில் சென்றார். விருத்தாசலத்துக்கு அருகிலுள்ள கோணான்குப்பத்தில் அவர் எழுப்பிய கோவிலில், தமிழ்ப்பெண்ணின் சேலைக் கோலத்தில் மாதா, பெரியநாயகி என்னும் பெயரோடு வீற்றிருக்கிறாள்; விருத்தாசலம் சிவன் கோவில் அம்மனுக்கும் அதுவே பெயர். ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோவில் கண்டு, அவ்வூரைத் திருக்காவலூர் என்று பாடி, 'திருக்காவலூர்க் கலம்பகம்' இயற்றினார். மக்கள் மனத்தில் முன்பே இருந்த தாய்ப்பற்றை அழிப்பதைவிட அதைக் கிறிஸ்துவின் தாயை நோக்கித் திருப்புவதே தக்கது என்பது இந்தச் செயல்களில் புலப்படும் எண்ணம். அது துணிச்சலானது, அழகானதும்கூட. ஆனால் எதிர்த்தரப்பின் ஐயத்துக்கு மேலும் இடம் தந்ததும் அதுவே.

வேதநூலும் மரபும் மோதிய இடத்தை வீரமாமுனிவரின் 'தேம்பாவணி' துல்லியமாகக் காட்டுகிறது. மரியாளின் கணவரான சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 1726-இல் நிறைவுற்ற, மூன்று காண்டங்களும் 3,615 பாடல்களும் கொண்ட இக்காப்பியத்துக்கு, நற்செய்தி நூல்களோடு, ஸ்பெயின் நாட்டின் ஆகிரெதா நகரில் வாழ்ந்த மரியா என்னும் கன்னித்துறவி (1602–1665) தம் காட்சிகளாக எழுதிய மரியன்னை வரலாறும் மூலமாயிற்று. நற்செய்தியாளர் சில வரிகளில் சொல்லிச்சென்ற திருக்குடும்ப வாழ்வை ஒரு துறவியின் தரிசனத்தைக் கொண்டு விரித்துப் பாடுவது கத்தோலிக்க மனத்துக்கு இயல்பான பக்தி. வேதநூலே போதும் என்று கொண்ட மனத்துக்கோ அது தடையற்ற கற்பனை.

நேரடி வாதமும் தொடர்ந்தது. தஞ்சைப் படையில் பணியாற்றிய இராசநாயக்கன் என்னும் கத்தோலிக்கர், தரங்கம்பாடியில் அச்சான வேதநூல்களைப் படித்து லுத்தரன் சபையில் சேர்ந்ததிலிருந்து அந்த அச்சகத்தின் வலிமை விளங்கும். வீரமாமுனிவர் 1728-இல் 'வேதவிளக்கம்' எழுதி லுத்தரன் ஆட்சேபங்களுக்கு விடைகூறினார். 'பேதகமறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' ஆகியவையும் அந்த வரிசையில் வந்தவை. தரங்கம்பாடி நூல்கள் அச்சில் பரவ, ஓலையிலேயே வழங்கிய தேம்பாவணி 1851 முதல்தான் புதுச்சேரியில் அச்சேறியது. இந்தப் பூசலால் தமிழ் உரைநடைக்கு வாதத்திறனும் தெளிவும் வாய்த்தன என்பது உண்மையே. ஆனால் இரு தரப்பும் பயன்படுத்திய கடுஞ்சொற்கள், அருகருகே வாழ்ந்த கிறிஸ்தவக் குடும்பங்களிடையே நெடுங்காலம் நின்ற விலக்கத்துக்கு வழிவகுத்தன என்பது வருந்தத்தக்கது.

பின்னர் உரோமையின் முடிவுகள் இடைவெளியை மேலும் அகலமாக்கின. மரியாள் கருவான கணத்திலிருந்தே பிறப்புநிலைப் பாவம் அற்றவள் என்பதை 1854-இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதரும், அவள் உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டாள் என்பதை 1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரும் கட்டாய விசுவாசக் கோட்பாடுகளாக அறிவித்தனர். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலிய மரபினர் ஒன்றுகூடி 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையை அமைத்தபோதும், அந்த ஒன்றிப்பு கத்தோலிக்கர் வரை எட்டவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் காற்று மாறியது. மரியாளைப் பற்றித் தனி ஏடு வெளியிடுவதா, திருச்சபையைப் பற்றிய ஏட்டிலேயே ஓர் அதிகாரமாகச் சேர்ப்பதா என்று 1963 அக்டோபர் 29-இல் நடந்த வாக்கெடுப்பில், சேர்ப்பதற்கு 1,114 பேரும் எதிராக 1,074 பேரும் வாக்களித்தனர். அவளைத் திருச்சபைக்கு மேலே தனித்து நிறுத்தாமல் அதன் உறுப்பினருள் முதன்மையானவளாகக் காணும் பார்வைக்கு அந்தச் சிறு வேறுபாடு வழிதிறந்தது. 2005-இல் ஆங்கிலிக்க–கத்தோலிக்கப் பன்னாட்டு ஆணைக்குழு மரியாளைப் பற்றிக் கூட்டறிக்கை வெளியிட்டது. 2025 நவம்பரில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை, மரியாளை 'இணை மீட்பர்' என்று அழைப்பது தகாது என்றும் அது கிறிஸ்துவின் தனித்த மீட்புப்பணியை மறைத்துவிடக்கூடும் என்றும் குறிப்பு வெளியிட்டது. சீர்திருத்தச் சபையார் நெடுங்காலமாகச் சொல்லிவந்த கவலைக்கு இவ்வளவு நெருங்கிய சொற்களில் உரோமை பேசியது அரிது. 1854, 1950 ஆண்டுகளின் கோட்பாடுகள் மட்டும் மாற்றமின்றி நிற்கின்றன. வேதத்தில் வெளிப்படையாக இல்லாத ஒன்றை விசுவாசத்தின் கட்டாயப் பகுதியாக அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதில் இரு தரப்பும் இன்றும் உடன்படவில்லை.