ஸ்பிரேயர் பேட்டரி வைக்கோல் பக்கம் வேண்டாம்!

மருந்து தெளிக்க உதவும் பேட்டரி ஸ்பிரேயர்களில் இரண்டு வகை பேட்டரிகள் உண்டு. ஒன்று, லெட் ஆசிட். மற்றொன்று, எடை குறைந்த லித்தியம் அயன். இரண்டுக்கும் பராமரிப்பு வேறு.

லெட் ஆசிட் பேட்டரியை முழு சார்ஜில் வைத்தால்தான் உழைக்கும். லித்தியம் பேட்டரியோ, தெளிப்பு வேலை இல்லாத மாதங்களில் பாதி சார்ஜில் இருப்பதே நல்லது. ஸ்பிரேயரிலிருந்து கழற்றி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். சார்ஜரிலேயே விட்டுவிடக் கூடாது. மாதம் ஒருமுறை பார்த்து, குறைந்திருந்தால் பாதி வரை ஏற்றினால் போதும்.

அடிபட்டாலோ, பொருந்தாத சார்ஜரைப் போட்டாலோ பேட்டரிக்குள் ஷார்ட் ஆகலாம். ஒரு செல்லில் கிளம்பும் சூடு அடுத்தடுத்த செல்களுக்குப் பரவித் தீப்பிடிக்கும். அருகில் வைக்கோல், டீசல், உர மூட்டை, பூச்சிமருந்து இருந்தால் கொட்டகையே போய்விடும். சித்திரை வெயிலில் கொதிக்கும் தகரக் கொட்டகையும் ஆகாது. சிமென்ட் தரையில், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் சார்ஜ் ஏற்றுங்கள். வயலிலிருந்து வந்ததும் பேட்டரி சூடாக இருந்தால், ஆறிய பிறகு ஏற்றுங்கள்.

உப்பிய, வாடை வரும் பேட்டரியைப் பயன்படுத்தாதீர்கள். வீட்டுக்கு வெளியே தனியாக வையுங்கள். தீப்பிடித்தால் முதலில் ஆட்களையும் மாடுகளையும் வெளியேற்றுங்கள். அந்தப் புகை நஞ்சு. உடனே 101 அல்லது 112-ஐ அழையுங்கள். அணைந்ததுபோலத் தெரிந்தாலும் மீண்டும் பற்றும்; கிட்டே போகாதீர்கள்.

பழுதான பேட்டரியைக் குப்பையில் போடாமல், பேட்டரி சேகரிப்பவரிடம் ஒப்படையுங்கள். 2022-ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் சொல்வதும் இதையே.