தாத்தாவோட ரைஃபிளை புளி போட்டு தேய்க்காதீங்க!



தீபாவளிக்கு வீடு சுத்தம் பண்ணும்போது பித்தளை குத்துவிளக்கோட சேர்த்து பீரோவுக்குள்ள இருக்கிற பழைய துப்பாக்கியும் வெளியே வரும். பட்டாளத்துல இருந்த தாத்தா, தோட்டம் வெச்சிருந்த பெரியப்பான்னு யாராவது விட்டுட்டுப் போனதா இருக்கும். அதையும் புளி போட்டு பளபளன்னு ஆக்கிடலாம்னு தோணும். செய்யாதீங்க. உங்க சொத்தோட மதிப்பும் போகும், சட்டச் சிக்கலும் வரலாம்.

முதல்ல பேப்பரைப் பாருங்க

ராணுவத்துலயும் போலீஸ்லயும் ஓடின .303 லீ-என்ஃபீல்ட், சட்டப்படி தடை செய்யப்பட்ட ரகம். சாதாரண லைசென்ஸ்ல வீட்டுல வைக்க முடியாது. பல குடும்பங்கள்ல இருக்கிறது .315. கல்கத்தா பக்கம் இருக்கிற இச்சாபூர் ரைஃபிள் தொழிற்சாலை, அதே லீ-என்ஃபீல்ட் அமைப்புல பொதுமக்களுக்காகச் செஞ்சது. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதனால லைசென்ஸ்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாருங்க.

லைசென்ஸ் வெச்சிருந்தவர் இறந்துட்டா, துப்பாக்கியைத் தாமதிக்காம பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைச்சு ரசீது வாங்கணும். அப்புறம் வாரிசா நீங்க விண்ணப்பிக்கலாம். அவர் உயிரோட இருந்து, 70 வயசு தாண்டியிருந்தாலோ 25 வருஷம் அந்தத் துப்பாக்கியை வெச்சிருந்தாலோ, 2016 ஆயுத விதிகள்படி இப்பவே வாரிசுக்கு மாத்தக் கேட்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருத்தர் பேர்ல அதிகபட்சம் 2 துப்பாக்கிதான். லைசென்ஸ் 5 வருஷம் செல்லும்.

அந்தக் கருநீலம் அழுக்கு இல்ல

இரும்பு மேல வேணும்னே உண்டாக்கின மெல்லிய கறுப்பு ஆக்சைடு படலம் அது. துரு பிடிக்காம காப்பாத்தறதே அதுதான். சில ராணுவ ரைஃபிள்கள்ல அதுக்குப் பதிலா பாஸ்பேட் பூச்சும், மேல கறுப்பு பெயின்டும் இருக்கும். புளி, எலுமிச்சை, வினிகர், கோலா எல்லாமே அமிலம். துருவோட சேர்த்து இந்தப் படலத்தையும் கரைச்சிடும். தின்னர் போட்டா பெயின்ட் போயிடும்.

உப்புத்தாள், பஃபிங் மெஷின் இன்னும் மோசம். அச்சடிச்ச நம்பரே தேய்ஞ்சிடும். ஆயுதச் சட்டம் 1959, 8-வது பிரிவு அடையாள எண்ணை அழிக்கிறதைத் தடை பண்ணுது. "பாலிஷ் போட்டேன் சார்"னு ஸ்டேஷன்ல விளக்கம் சொல்ற நிலைமை வேண்டாமே.

சிவகாசிக்காரங்களுக்கு சுலபமா புரியும் ஒரு விஷயம்

குழலுக்குள்ள துரு ஏன் வருது? பழைய ராணுவத் தோட்டாக்களோட பிரைமர்ல பொட்டாசியம் குளோரேட் இருந்துச்சு. நம்ம தீக்குச்சித் தலையில இருக்கிற அதே சரக்கு. அது எரிஞ்சா மிஞ்சறது பொட்டாசியம் குளோரைடுங்கிற உப்பு. ஐப்பசி மழைக்கு சமையலறை உப்பு ஜாடி கசியுதுல்ல? அதே மாதிரி இந்த உப்பும் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். கருமருந்து போடற நாட்டுத் துப்பாக்கியிலயும் கதை இதுதான், அங்கே வெடியுப்போட மிச்சம்.

உப்பு எண்ணெயில கரையாது. அதனால எண்ணெயை மட்டும் தடவினா உப்பு உள்ளேயே உட்கார்ந்து வேலையைக் காட்டும்.

சுத்தம் பண்ற முறை

இதை லைசென்ஸ் உள்ளவர்தான் செய்யணும். தோட்டா இல்லைன்னு கண்ணால பார்த்துட்டு ஆரம்பிங்க.

1. போல்ட்டைக் கழட்டிட்டு, குழலுக்குள்ள பின்பக்கத்துல இருந்து சுடுதண்ணி விடுங்க. மரத்துல தண்ணி படக்கூடாது.

2. காஞ்ச பருத்தித் துணியை மாத்தி மாத்தி விட்டு, ஈரம் முழுசா போனப்புறம் மெல்லிய எண்ணெய் தடவுங்க. கம்பியையும் பின்பக்கமா விடுங்க, குழல் வாய் தேயாது.

3. வெளியே தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசினாயிடும், வேண்டாம்.

4. துருப் புள்ளி இருந்தா ராத்திரி முழுக்க எண்ணெயில ஊற விட்டு, 0000 நம்பர் ஸ்டீல் வுல்லை எண்ணெயில தொட்டு மெதுவா தேயுங்க. துணியில பழுப்பு வர்றது நின்னதும் நிறுத்திடுங்க.

5. மரத்துக்கு உப்புத்தாள் கூடாது. ஆளிவிதை எண்ணெய் ரெண்டு சொட்டு, துணியால தேய்ச்சா போதும்.

6. தோல் உறையில போட்டு வைக்காதீங்க, ஈரம் தங்கும். வெறும் கையால தொட்டா துடைச்சிடுங்க, வியர்வையிலயும் உப்பு இருக்கு.

தேர்தல் நேரத்துல ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொன்னா, முந்தின நாளே இதையெல்லாம் முடிச்சுட்டுக் கொடுங்க. வாரக்கணக்குல அங்கே சும்மா கிடக்கும்.

பணக் கணக்கு

வாரிசா கிடைச்சதுக்கு வரி கிடையாது. நம்ம நாட்டுல எஸ்டேட் டியூட்டியை 1985-லயே எடுத்துட்டாங்க. விக்கணும்னா, லைசென்ஸ் உள்ளவருக்கு மட்டும்தான். அதுவும் கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுத்துல தெரிவிச்சு 45 நாள் ஆனப்புறம். பழைய துப்பாக்கி தெரிஞ்சவங்க முதல்ல பார்க்கறது நம்பர், முத்திரை, ஒரிஜினல் பூச்சு. புதுசு மாதிரி பாலிஷ் போட்டது அவங்க கண்ணுக்குக் கெட்டுப்போன பீஸ்.

ஆக இந்த தீபாவளிக்கு குத்துவிளக்குக்குப் புளி, ரைஃபிளுக்கு எண்ணெய்த் துணி. கையோட லைசென்ஸ் முடியற தேதியைப் பார்த்து போன் காலண்டர்ல ரிமைண்டர் போட்டுடுங்க.